டிவிடிக்கு ரெண்டர் செய்யும்போது தரத்தைக் கோட்டை விடாமல் இருப்பது எப்படி?

கேமராவில் பார்த்தால் பளிச்சென்று இருக்கிறது. எடிட் செய்யும்போது கணினித் திரையிலும் ஒரு குறையும் இல்லை. வட்டில் எழுதி டிவியில் போட்டால் முகங்கள் மங்கல், வேகமான அசைவுகளில் கட்டம் கட்டமாகச் சிதறல், மெல்லிய கோடுகளில் நடுக்கம். முதல் டிவிடியைச் செய்கிற எல்லோரும் இந்த இடத்துக்கு வந்து நிற்பார்கள். உடனே பிட்ரேட்டை, அதாவது ஒரு நொடிப் படத்துக்கு ஒதுக்கும் தரவின் அளவை, உச்சத்துக்கு ஏற்றி இன்னொரு முறை ரெண்டர் போடுவார்கள், அதாவது எடிட் செய்ததைப் புதிய கோப்பாக எடுப்பார்கள். சில சமயம் அது உதவும். பல சமயம் உதவாது, ஏனென்றால் தரம் கைநழுவியது வேறு இடத்தில்.

தொடங்கும் முன் ஒரு கணக்கை ஒப்புக்கொண்டுவிடுவோம். டிவிடி பழைய வடிவம். முதல் பிளேயர்கள் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1996 நவம்பரில். அதன் ஒரு ஃபிரேம், அதாவது ஒரு தனிப் படம், இந்தியாவும் ஐரோப்பாவின் பெரும்பகுதியும் பின்பற்றிய பால் (PAL) டிவி முறையில் 720-க்கு 576 புள்ளிகள், அமெரிக்காவும் ஜப்பானும் பின்பற்றிய என்டிஎஸ்சி (NTSC) முறையில் 720-க்கு 480. முழு எச்டி ஃபிரேமில் பால் டிவிடியைப்போல் சரியாக 5 மடங்கு புள்ளிகள் இருக்கின்றன. 4கே என்றால் 20 மடங்கு. ஆக, 4கேயில் எடுத்த படத்தின் இருபது புள்ளிகளில் பத்தொன்பது எப்படியும் போய்விடும். எந்த மென்பொருளாலும் அதைத் தடுக்க முடியாது.

ஆனாலும் கடையில் வாங்கிய நல்ல திரைப்பட டிவிடி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அதே 576 வரிகள்தான், கண்ணுக்கு உறுத்தாது. அங்கே சுத்தமான மூலத்திலிருந்து ஒரே ஒரு முறை சுருக்கியிருப்பார்கள். அந்தச் சுருக்கலுக்கு எத்தனை பிட் தேவை என்று முன்பே எண்ணி வைத்திருப்பார்கள். நாமும் அதைத்தான் செய்யப் போகிறோம். துணியைத் துவைக்கத் துவைக்கக் கொஞ்சம் சாயம் போகும், போன சாயம் அடுத்த துவைப்பில் திரும்பாது. வீடியோவைச் சுருக்குவதும் அப்படித்தான்.

பாலா, என்டிஎஸ்சியா?

வட்டு எங்கே ஓடப் போகிறது என்று முதலில் கேளுங்கள். பால் முறை வழங்கிய நாடுகளில் உள்ள பிளேயர்கள் பெரும்பாலும் என்டிஎஸ்சி வட்டையும் ஏற்றுக்கொள்ளும். என்டிஎஸ்சி நாடுகளின் பிளேயர்களிடம் அந்தப் பெருந்தன்மை குறைவு. இரண்டுக்கும் வழி இருக்கிறது என்றால் உங்கள் படத்தின் ஃபிரேம் வேகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நொடிக்கு 25 அல்லது 50 ஃபிரேமில் எடுத்தது பாலுக்குப் போகட்டும். 30 அல்லது 60-இல் எடுத்தது என்டிஎஸ்சிக்கு. 30-ஐ 25 ஆக்க வேண்டுமென்றால் மென்பொருள் ஆறு ஃபிரேமுக்கு ஒன்றைத் தூக்கி எறியும், அல்லது பக்கத்து ஃபிரேம்களைக் கலந்து ஆவிபோல் ஒரு நிழலை உண்டாக்கும். கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் இது அப்பட்டமாகத் தெரியும். இதை எந்த பிட்ரேட்டாலும் சரிசெய்ய முடியாது.

24 ஃபிரேமில் எடுத்தவர்களுக்கும் வழி உண்டு. என்டிஎஸ்சியில் 23.976 ஆகவே சுருக்கி, டிவியில் ஓட்டும்போது விரித்துக்கொள்ளும்படி ஒரு குறிப்பைக் கோப்பில் வைக்கலாம். பாலில் படத்தையே 4 சதவீதம் வேகப்படுத்தி 25 ஆக்குவார்கள். ஒலியின் சுருதியைக் கவனித்துக்கொண்டால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

மொபைலில் எடுத்ததென்றால் இன்னொரு சிக்கல். பல மொபைல்கள் ஒரே சீரான வேகத்தில் பதிவதில்லை. வெளிச்சம் குறைந்தால் ஃபிரேம் வேகமும் இறங்கும். அப்படியே எடிட்டிங்கில் போட்டால் போகப் போக உதட்டசைவும் ஒலியும் விலகும். முதலில் சீரான வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றும்போது கோப்பு சின்னதாக வரட்டும் என்று ஆசைப்படாதீர்கள். புரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர் போன்ற எடிட்டிங் வடிவங்களுக்கு அல்லது இழப்பே இல்லாத வடிவத்துக்கு மாற்றினால் கோப்பு பூதாகரமாக வரும், வரட்டும். வேலை முடிந்ததும் அழித்துவிடலாம். எடிட் செய்ததை ஒரு முறை எம்பி4 ஆக எடுத்து, அந்த எம்பி4-ஐ டிவிடி மென்பொருளில் போடுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. அங்கேயே ஒரு துவைப்பு அதிகமாகிவிட்டது. டைம்லைனிலிருந்து, அதாவது எடிட்டிங்கில் காட்சிகளைக் கோத்து வைத்திருக்கும் வரிசையிலிருந்து, நேராக டிவிடிக்கான வீடியோ வடிவமான எம்பெக்-2-க்குப் போங்கள். உங்கள் எடிட்டிங் மென்பொருளில் அது இல்லையென்றால் நடுவில் மேலே சொன்ன பெரிய வடிவங்களில் ஒன்றை வையுங்கள்.

டைம்லைனை மூலப் படத்தின் அளவிலேயே வைத்திருங்கள். எச்டி படம் என்றால் எச்டி டைம்லைன். டிவிடிதானே என்று முதலிலேயே 720-க்கு 576 டைம்லைனில் வேலை செய்தால், நாளைக்கு அதே படத்தை எச்டியாக யாராவது கேட்கும்போது மறுபடி உட்கார வேண்டியதுதான்.

பிட் கணக்கு

இதில் கொஞ்சம் நிதானமாக நிற்போம், டிவிடியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒற்றை அடுக்கு வட்டின் மேல் 4.7 ஜிபி என்று அச்சிட்டிருக்கும். அது 470 கோடி பைட். விண்டோஸ் அதையே 4.37 என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை, 1000-ஆல் எண்ணுவதற்கும் 1024-ஆல் எண்ணுவதற்கும் உள்ள வித்தியாசம் அது. 470 கோடி பைட் என்பது 37,600 மெகாபிட். மெனுவுக்கும் வட்டின் துணைக் கோப்புகளுக்கும் கணக்குப் பிசகுக்கும் கொஞ்சம் ஒதுக்கி 36,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைப் படத்தின் மொத்த நொடிகளால் வகுக்க வேண்டும். இன்னும் சுலபமாகச் சொன்னால், 600-ஐ நிமிடங்களால் வகுத்தால் போதும். நொடிக்கு எத்தனை மெகாபிட் என்று வந்துவிடும்.

90 நிமிடப் படம் என்றால் 600-ஐ 90-ஆல் வகுக்க 6.6-க்குச் சற்று மேல் வருகிறது. 120 நிமிடத்துக்கு 5. இரண்டிலும் ஒலிக்கான பங்கைக் கழிக்க வேண்டும். அப்புறம் 60 நிமிடத்துக்கு 10 வருகிறதே, அதை அப்படியே போடலாமா என்றால் கூடாது. டிவிடி விதிப்படி படத்துக்கு உச்சம் 9.8 மெகாபிட், ஒலி எல்லாம் சேர்த்து 10.08. வீட்டில் எழுதும் வட்டுகள், அச்சிட்ட வட்டுகளைவிட லேசர் ஒளியைக் குறைவாகத் திருப்பி அனுப்புபவை. பழைய பிளேயர்கள் அவற்றை வேகமாகப் படிக்கத் திணறும். படம் நின்று நின்று ஓடும். அதனால் நான் உச்சத்தை 8-க்கு மேல், மிஞ்சிப்போனால் 8.5-க்கு மேல் விடுவதில்லை. 8-க்கும் 9.5-க்கும் இடையே கண்ணால் வித்தியாசம் சொல்பவரை நான் இதுவரை பார்க்கவில்லை.

ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் வரை ஓடும் படமா? யோசிக்கவே வேண்டாம், நிலையான பிட்ரேட்டில் 8 வைத்து முடித்துவிடுங்கள். அதற்கு மேல் போனால் மாறும் பிட்ரேட், அதிலும் இரண்டு சுற்று முறை. முதல் சுற்றில் மென்பொருள் படம் முழுவதையும் ஓட்டிப் பார்த்து எது கடினமான காட்சி, எது சுலபமானது என்று குறித்துக்கொள்ளும். இரண்டாவது சுற்றில் உட்கார்ந்து பேசும் காட்சியிலிருந்து மிச்சம் பிடித்து நடனக் காட்சிக்குக் கொடுக்கும். நேரம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். 120 நிமிடப் படத்தை நல்லபடியாக ஒரு வட்டில் அடக்க இதைவிட நல்ல வழி இல்லை. சராசரியாக உங்கள் கணக்கில் வந்த எண், உச்சம் 8, குறைந்தபட்சம் 2 என்று வைத்துத் தொடங்கலாம்.

சராசரி 4-க்குக் கீழே இறங்கினால் கட்டங்கள் கண்ணில் படத் தொடங்கும். மூன்று மணி நேரப் படத்துக்கு 3.3 வருகிறது, அதைத் திணிக்காதீர்கள். இரட்டை அடுக்கு வட்டு 8.5 ஜிபி கொள்ளும். அங்கே 600-க்குப் பதில் 1,080-ஐ வைத்து வகுத்தால் அதே மூன்று மணி நேரத்துக்கு 6 கிடைக்கும். அது வேண்டாம் என்றால் இரண்டு வட்டுகளாகப் பிரியுங்கள். அல்லது படத்தைக் குறைத்து வெட்டுங்கள். மூன்று மணி நேர வீட்டு வீடியோவை முழுதாக உட்கார்ந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று ஒருமுறை யோசித்தால் இதற்கு மனம் வந்துவிடும்.

ஒலியில் ஒளிந்திருக்கும் ஒரு பெரிய திருட்டையும் சொல்ல வேண்டும். பல மென்பொருள்கள் தாமாகவே ஒலியைச் சுருக்காமல் பிசிஎம் வடிவில் வைக்கும். இரண்டு சேனல் பிசிஎம் நொடிக்கு 1.5 மெகாபிட் சாப்பிடும். இரண்டு மணி நேரப் படத்துக்குக் கிடைப்பதே 5, அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை ஒலியே விழுங்கிவிட்டால் படத்துக்கு என்ன மிஞ்சும்? டால்பி டிஜிட்டலுக்கு, அதாவது ஏசி-3-க்கு மாற்றுங்கள். பேச்சும் இசையும் கலந்த படத்துக்கு 192 முதல் 256 கிலோபிட் தாராளம். எம்பி3-யும் ஏஏசியும் டிவிடி-வீடியோவில் செல்லாது. ஒலியின் சாம்பிள் வேகம் 48 கிலோஹெர்ட்ஸ் இருக்க வேண்டும். இசைக் குறுந்தட்டிலிருந்து எடுத்த பாட்டு 44.1-இல் இருக்கும், அதை மாற்றிக்கொள்ளுங்கள்.

எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளைப் பழகியவர்களுக்கு ஒரு குறிப்பு. பால் டிவிடி என்ற ஆயத்த இலக்கைக் கொடுத்தால் அது தானாக 6 மெகாபிட், ஒலிக்கு 448 கிலோபிட் என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் படத்தின் நீளம் அதற்குத் தெரியாது. எண்களை நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

அளவைச் சுருக்குதல், வரிகளைப் பிரித்தல்

எச்டியை டிவிடி அளவுக்குக் குறைக்கும் முறையிலும் தரம் கூடும், குறையும். லான்சோஸ், பைகியூபிக் போன்ற நல்ல முறைகள் இருக்கும்போது வேகத்துக்காக மட்டமான முறையை மென்பொருள் தானாகத் தேர்ந்திருக்கும். பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் ‘மேக்ஸிமம் ரெண்டர் குவாலிட்டி’ என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். வேகாஸ் மென்பொருளில் ரெண்டர் தரத்தை ‘குட்’ என்பதிலிருந்து ‘பெஸ்ட்’ ஆக்குங்கள். அளவு மாறாத வேலைகளில் இதனால் பெரிய வித்தியாசம் இல்லை. எச்டியிலிருந்து இறங்கும்போது தெரியும்.

அடுத்தது இன்டர்லேஸ். டிவிடியின் ஒரு ஃபிரேமை இரண்டு ஃபீல்டுகளாகப் பிரிக்கலாம்: ஒற்றைப்படை வரிகள் ஒன்று, இரட்டைப்படை வரிகள் ஒன்று. இரண்டும் வெவ்வேறு கணத்தைச் சேர்ந்தவை. பலருக்கு இது பழங்காலத் தொல்லை. ஆனால் 50 ஃபிரேமில் எடுத்த படம் உங்களிடம் இருந்தால் இதுவே வரம். அதை 25 ஃபிரேம் புரோகிரசிவ், அதாவது ஃபீல்டுகளாகப் பிரிக்காத முழு ஃபிரேம்கள், ஆக்கினால் அசைவின் பாதி போய்விடும். இன்டர்லேஸ் ஆக எடுத்தால் 50 கணங்களும் 50 ஃபீல்டுகளாகத் தங்கும். டிவியில் ஓட்டம் வழுக்கிக்கொண்டு போகும். விளையாட்டு, நடனம் என்றால் கட்டாயம் இப்படிச் செய்யுங்கள். 25-இல் எடுத்த படமா? புரோகிரசிவாகவே விடுங்கள்.

மூலமே இன்டர்லேஸ் ஆக இருந்தால் எந்த ஃபீல்ட் முதலில் என்பதைப் பார்க்க வேண்டும். மினிடிவி டேப்பில் எடுத்தது கீழ் ஃபீல்ட் முதல். எச்டிவி, ஏவிசிஎச்டி கேமராக்களின் 1080 இன்டர்லேஸ் படம் மேல் ஃபீல்ட் முதல். இதை மாற்றிச் சொல்லிவிட்டால், நகரும் எல்லாமே ஒரு எட்டு முன்னே ஓர் எட்டு பின்னே என்று உதறும். கணினித் திரையில் பெரும்பாலும் இது தெரியவே தெரியாது, டிவியில்தான் வெட்டவெளிச்சமாகும். இன்டர்லேஸ் எச்டியை அளவு குறைக்கும்போது மென்பொருளில் டிஇன்டர்லேஸ் முறை (ஃபீல்டுகளை முழு ஃபிரேம்களாக்கும் முறை) ஏதாவது தேர்ந்திருக்க வேண்டும்; ‘இல்லை’ என்று விட்டால் இரண்டு கணங்களின் வரிகள் ஒன்றோடொன்று குழம்பிவிடும்.

நடுங்கும் கோடுகளுக்குக் காரணமும் இன்டர்லேஸ்தான். ஒரே ஒரு வரி உயரமுள்ள கோடு ஒரு ஃபீல்டில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. கூர்மையான புகைப்படங்களைப் பெரிதாக்கி நகர்த்தும்போதும், மெல்லிய எழுத்துகளில் தலைப்பு போடும்போதும் இது வரும். புகைப்படத்துக்கு மேலும் கீழுமாக மட்டும் மிக லேசான மங்கலைக் கொடுங்கள். தலைப்புக்குத் தடித்த எழுத்தைத் தேர்ந்து, திரையின் ஓரத்தில் பத்து சதவீதம் இடம் விட்டு உள்ளே வையுங்கள்; டிவிகள் ஓரத்தை விழுங்கும்.

அகலத் திரைப் படத்தை 16:9 என்றே குறித்து ரெண்டர் செய்யுங்கள். 4:3 ஆக எடுத்து மேலும் கீழும் கறுப்புப் பட்டை போட்டால், 576 வரிகளில் 144 வரிகள் வெறும் கறுப்புக்குப் போகும். 16:9 என்று குறித்தால் அதே 720 புள்ளிகள் பக்கவாட்டில் நீட்டப்படும், 576 வரிகளும் படத்துக்கே கிடைக்கும். கணினியில் திறந்து பார்க்கும்போது எல்லோரும் ஒல்லியாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். சில பிளேயர் மென்பொருள்கள் நீட்டாமல் காட்டும்.

ரெண்டருக்கு முன் படத்தைச் சுத்தம் செய்தல்

எம்பெக்-2, ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததுக்கும் இடையே மாறியதை மட்டும் எழுதி மிச்சம் பிடிக்கிறது. குறைந்த வெளிச்சத்தில் எடுத்த படத்தில் புள்ளி புள்ளியாக ஊரும் இரைச்சல் இருக்குமே, அது ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிது. முகத்துக்குப் போக வேண்டிய பிட்டுகளை அதுவே தின்றுவிடும். கையில் பிடித்து ஆட்டிக்கொண்டே எடுத்த படத்துக்கும் இதே கதிதான். ஆகவே ரெண்டருக்கு முன் இருட்டான காட்சிகளுக்கு மட்டும் லேசாக இரைச்சல் நீக்கம் செய்யுங்கள். ஆட்டம் அதிகமுள்ள இடங்களுக்கு ஸ்டெபிலைஸ் கொடுங்கள். முகம் மெழுகு பொம்மை மாதிரி ஆகும் அளவுக்கு இழுக்காதீர்கள். கூர்மையாக்கும் ஃபில்டரைத் தொடாமல் இருப்பதே நல்லது, இரைச்சலையும் அது கூர்மையாக்கும்.

நிறம் பற்றிச் சுருக்கமாக: எச்டிக்கும் டிவிடிக்கும் நிறங்களைக் கணக்கிடும் சூத்திரம் வேறு. நல்ல மென்பொருள் தானாக மாற்றிவிடும். டிவிடியில் சிவப்பும் பச்சையும் லேசாகச் சாய்ந்து தெரிந்தால் இந்த மாற்றம் நடக்கவில்லை என்று அர்த்தம்.

இரண்டு நிமிடச் சோதனை

முழுப் படத்தையும் இரவெல்லாம் ரெண்டர் போட்டு, காலையில் டிவியில் பார்த்து மனம் வெறுக்க வேண்டாம். படத்திலேயே மிக மோசமான இரண்டு நிமிடத்தைத் தேர்ந்தெடுங்கள்: காற்றில் ஆடும் இலைகள், ஓடும் தண்ணீர், மினுங்கும் விளக்குகள், கூட்டம், இருட்டு. முழுப் படத்துக்கு வைக்கப் போகும் அதே சராசரி எண்ணை நிலையான பிட்ரேட்டாக வைத்து அந்தத் துண்டை மட்டும் ரெண்டர் செய்து, திரும்பத் திரும்ப எழுதக்கூடிய வட்டில் எழுதி டிவியில் போடுங்கள். வழக்கமாக உட்காரும் தூரத்திலிருந்து பாருங்கள், திரையில் மூக்கை ஒட்டிக்கொண்டு அல்ல. அது தாங்கினால், இரண்டு சுற்று முறையில் முழுப் படமும் தாங்கும்.

வட்டாக்கும்போது வரும் ஆபத்து

எல்லாம் சரியாகச் செய்த பிறகும் ஓரிடத்தில் நான் வசமாக மாட்டியிருக்கிறேன். 7.5 மெகாபிட்டில் அழகாக ரெண்டர் செய்த கோப்பை, மெனு சேர்ப்பதற்காக ஒரு வட்டாக்க மென்பொருளில் போட்டேன். அது மூச்சுக் காட்டாமல் என் கோப்பை மறுபடி பாதி பிட்ரேட்டில் சுருக்கியிருந்தது. டிவியில் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொண்டு, குற்றம் கேமராவில்தான் என்று ஒரு வாரம் நம்பினேன். ஒரு தடயம் முதலிலேயே கண்ணில் பட்டிருக்க வேண்டும்: வட்டைத் தயார் செய்ய அது மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டது. விதிக்கு உட்பட்ட கோப்பை அப்படியே கோப்பது மட்டும் வேலை என்றால் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். உங்கள் மென்பொருள் மணிக்கணக்கில் ஓடினால் நிறுத்திவிட்டு அமைப்புகளைப் பாருங்கள். மறுசுருக்கம் வேண்டாம் என்ற தேர்வு எங்காவது இருக்கும். அது இருந்தும் மறுபடி சுருக்குகிறது என்றால் உங்கள் கோப்பில் ஏதோ விதிக்கு மாறாக இருக்கிறது: ஒலி 44.1-இல் இருக்கலாம், பிட்ரேட் உச்சம் தாண்டியிருக்கலாம், ஃபிரேம் அளவு 720-க்கு 576 ஆக இல்லாமல் இருக்கலாம்.

இதைத் தவிர்க்கப் படத்தையும் ஒலியையும் தனித்தனிக் கோப்புகளாக, எம்பெக்-2 ஒன்று, ஏசி-3 ஒன்று என்று எடுப்பது நல்ல பழக்கம். அத்தியாயம் தொடங்கும் இடங்களை எடிட்டிங் டைம்லைனிலேயே குறித்துவிட்டால் அங்கே முழு ஃபிரேம் விழும்படி ரெண்டர் ஆகும். இல்லையென்றால் அத்தியாயம் கொஞ்சம் முன்னே பின்னே தொடங்கும்.

நேராக வட்டில் எழுதாமல் முதலில் கணினியிலேயே வட்டின் கோப்புறையை உருவாக்கச் சொல்லுங்கள். அதன் மொத்த அளவு 470 கோடி பைட்டுக்குள் இருக்கிறதா, விஎல்சி பிளேயர் மென்பொருளில் மெனு வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு எழுதலாம். எழுதும் வேகத்தைக் குறைத்தால் படம் அழகாகும் என்பது வெறும் நம்பிக்கை. பிட்டுகள் அதே பிட்டுகள்தான். ஆனால் வட்டு தாங்கும் உச்ச வேகத்தில் எழுதினால் படிக்கும்போது பிழைகள் கூடலாம், பழைய பிளேயரில் படம் தடுக்கும். நடுத்தர வேகமாக 4 அல்லது 8 மடங்கில் எழுதி, முடிந்ததும் சரிபார்க்கச் சொல்லுங்கள். வட்டின் மேல் காகிதம் ஒட்டாதீர்கள், சுழலும்போது எடை ஒரு பக்கம் சாயும்.

வட்டைக் கொடுத்து முடித்ததும் இடம் காலி செய்யும் அவசரத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். இடைநிலைக் கோப்புகள் போகட்டும். எடிட் செய்த படத்தை எச்டியிலேயே ஒரு பிரதி எடுத்து, வேறொரு ஹார்ட் டிஸ்கில் தனியாக வையுங்கள். வட்டில் கீறல் விழுந்துவிட்டது, இன்னொன்று வேண்டும் என்று யாராவது கேட்டால் அந்தப் பிரதியிலிருந்து செய்யுங்கள், பழைய டிவிடியிலிருந்து அல்ல.